ஒன்பது லட்சம் பேருக்கு ஒரே நாற்காலி

டாவோவில் மருத்துவம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உடற்கூறியல் பாடமும் அடுத்த வாரத் தேர்வும் மெஸ் சாப்பாட்டுச் சண்டையும் போதாதென்று, பிலிப்பைன்ஸ் மாகாணம் ஒன்றின் பழைய தேர்தல் தொகுதியைப் பற்றி ஒருவர் உங்களுக்கு மடல் எழுதுகிறார் என்றால் சிரிப்புதான் வரும். அந்த நாட்டில் உங்களுக்கு ஓட்டு கிடையாது. படிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பி, இங்கே தேர்வு எழுதி, இங்கேயே தொழில் பார்க்கப் போகிறீர்கள். அங்கே பிரதிநிதிகள் சபை உறுப்பினரான காங்கிரஸ்மேன் யார், மொத்தம் எத்தனை காங்கிரஸ்மேன் என்பதெல்லாம் உங்களுக்கு எதற்கு?

பதில் ஆஸ்பத்திரி வார்டிலேயே இருக்கிறது. சீனியர்கள் பார்த்திருப்பீர்கள். கட்டில் ஓரமாக, பிளாஸ்டிக் உறை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு நோயாளியின் மகளோ தம்பியோ உட்கார்ந்திருப்பார். உறைக்குள் டாக்டர் கையெழுத்திட்ட நோய்ச் சுருக்கம், ஆஸ்பத்திரி பில், பரங்காய் என்னும் உள்ளூராட்சி அலுவலகத்தில் வாங்கிய ஏழ்மைச் சான்று, அடையாள அட்டையின் நகல் எல்லாம் இருக்கும். அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு அவர் போய் நிற்கும் இடங்களில் ஒன்று, தம் தொகுதி காங்கிரஸ்மேனின் அலுவலகம். அங்கே ஒரு 'கியாரண்டி லெட்டர்' கிடைத்தால், பில்லில் ஒரு தொகை அரசின் ஏழை நோயாளர் உதவி நிதியில் கழிந்துவிடும். உரிமையாகக் கிடைக்க வேண்டிய சிகிச்சை ஓர் அரசியல்வாதியின் தயவாக மாறுவது நல்லதா என்று பிலிப்பைன்ஸிலேயே காரசாரமான விவாதம் உண்டு. என்னைக் கேட்டால், நல்லதில்லை. ஆனால் நடைமுறை அப்படி இருக்கும் நாட்டில், எத்தனை பேருக்கு ஒரு காங்கிரஸ்மேன் என்பது வெறும் புள்ளிவிவரம் ஆகாது. வரிசையின் நீளமே அதை வைத்துத்தான்.

இன்று டாவோ வட்டாரத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் 11 தொகுதிகள். 1935 முதல் 1967 வரை இதே நிலப்பரப்பு முழுவதற்கும் ஒன்றே ஒன்று. மாகாணம் முழுவதும் ஒரே தொகுதி, ஒரே உறுப்பினர். அந்த ஒன்று எப்படிப் பதினொன்று ஆனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். மக்கள்தொகை பெருகியது, இடங்களும் பெருகின என்று ஒரு வரியில் முடிகிற கதை என்று நினைத்துவிடாதீர்கள். மக்கள் பெருகியபோது இடம் பெருகவே இல்லை. வரைபடத்தில் கோடு கிழித்தபோதுதான் பெருகியது.

முதலில், வாக்கே இல்லாத காலம். நகரின் மையத்தில் போல்ட்டன் தெருவில் எத்தனையோ முறை நடந்திருப்பீர்கள். எட்வர்ட் போல்ட்டன் ஓர் அமெரிக்க ராணுவ அதிகாரி; டாவோ மாவட்டத்தின் ஆளுநராக இருந்து 1906இல் கொல்லப்பட்டவர். ஓர் அயல்நாட்டு லெப்டினன்ட் எப்படி மாவட்டத்தை ஆண்டார்? ஸ்பெயினிடமிருந்து நாட்டைக் கைப்பற்றிய அமெரிக்கா, 1903இல் தெற்கு மிண்டனாவோவைத் தனியே பிரித்து 'மோரோ மாகாணம்' என்று வைத்து, ராணுவ அதிகாரிகளைக் கொண்டு ஆண்டது. டாவோ அதன் மாவட்டங்களில் ஒன்று. 1907இல் 80 உறுப்பினர்களோடு பிலிப்பைன்ஸ் சட்டசபை கூடியபோது அதில் டாவோவுக்கு ஓர் இடமும் இல்லை. முஸ்லிம்களும் மலைவாழ் இனங்களும் வாழும் பகுதிகள் தேர்தலுக்கு இன்னும் பக்குவப்படவில்லை என்று ஆட்சியாளர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

1914இல் டாவோ மாகாணமானது. 1916இல் ஜோன்ஸ் சட்டம் வந்தது. இரு அவைகள் கொண்ட சட்டமன்றம் பிறந்தது. கீழவையின் 90 இடங்களில் 81 பேர் தேர்தலில் வந்தார்கள். மீதி 9 பேரை கவர்னர் ஜெனரல் நியமித்தார். டாவோ அந்த ஒன்பதின் கணக்கில் அடங்கியது. தன் பெயரில் பேசுகிறவரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை டாவோவுக்கு 1935 வரை கிடைக்கவில்லை.

அந்த ஆண்டில் பிலிப்பைன்ஸ் காமன்வெல்த் அரசு அமைந்தது. புதிய அரசியலமைப்பு வந்தது. ஓரவை தேசியச் சட்டமன்றத்துக்கு டாவோ மாகாணத்திலிருந்து ஒருவர் தேர்தலில் போனார். அவர் பெயர் ரொமுவால்டோ கிம்போ. எஸ்எம் மால் இருக்கும் கிம்போ புல்வார் சாலையால் உங்களுக்குப் பழகிய பெயர்தான்.

கிம்போ மணிலாவுக்குப் போன காலத்து டாவோவை மனக்கண்ணில் பார்க்க வேண்டுமானால் வாழையிலிருந்து தொடங்க வேண்டும். தின்கிற வாழை இல்லை, அபாக்கா. வாழை இனத்தைச் சேர்ந்த இந்த மரத்தின் தண்டிலிருந்து உரித்த நார், உப்புத் தண்ணீரில் எளிதில் இற்றுப் போகாது. உலகக் கப்பல்களின் கயிறு அதில்தான். 'மணிலா சணல்' என்று சந்தையில் பெயர் வாங்கிக்கொண்டது மணிலா. விளைந்ததோ பெருமளவு டாவோவில். தோட்டங்களில் பெரும்பகுதி ஜப்பானியர் கையில் இருந்தது. பாகியோ மலைப்பாதை போட வந்த ஜப்பானியக் கூலித் தொழிலாளர்களை டாவோவுக்கு அழைத்து வந்த ஓத்தா கியோசாபுரோ 1907இல் கம்பெனி தொடங்கினார். பின்னால் ஃபுருகாவா கம்பெனி வந்தது. 1930களின் இறுதியில் சுமார் 18,000 ஜப்பானியர்கள் அங்கே வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பத்திரிகை, கோயில் எல்லாம் அவர்களுக்கு இருந்தன. மஞ்சூரியாவில் ஜப்பான் நிறுவிய பொம்மை அரசுக்கு 'மஞ்சுகுவோ' என்று பெயர்; அதே பாணியில் மணிலா பத்திரிகைகள் டாவோவை 'டாவோகுவோ' என்று எழுதின. மிண்டால் பக்கம் போனால் ஓத்தாவின் நினைவுத்தூணை இன்றும் பார்க்கலாம்.

இந்தச் சூழலில் கிம்போ கொண்டுவந்த சட்டம்தான் டாவோ நகரத்தின் பிறப்புச் சான்றிதழ். காமன்வெல்த் சட்டம் எண் 51. அதிபர் மானுவல் கெசோன் 1936 அக்டோபர் 16இல் கையெழுத்திட்டார். டாவோ ஊரும் பக்கத்து குயாங்கா பகுதியும் சேர்ந்து 1937 மார்ச்சில் நகரமாயின. உங்களுக்கு விடுமுறை கிடைக்கும் 'அராவ் நாங் டபாவ்' விழா அதன் ஆண்டு நிறைவுதான். சட்டத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. நகரின் மேயரை மக்கள் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், அதிபர் நியமிப்பார். தேர்தல் வைத்தால் ஜப்பானியத் தோட்ட முதலாளிகளின் பணம் உள்ளே புகுந்துவிடும் என்ற அச்சம் இதன் பின்னால் இருந்தது. டாவோ மக்களின் வாக்கில் வென்ற உறுப்பினரே, அதே மக்கள் தங்கள் மேயரைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி சட்டம் எழுதினார். ஜப்பானியர்கள் போர் முடிந்ததும் ஊரைவிட்டு அனுப்பப்பட்டார்கள். நியமன மேயர் முறை மட்டும் 1955 வரை நீடித்தது. ஓர் அச்சத்துக்காகப் போட்ட பூட்டு, அச்சம் போன பிறகும் திறக்கப்படாமல் கிடப்பது அரசியலில் புதிதில்லை.

போருக்குப் பின் டாவோவின் முகம் மாறியது. ஜப்பானியத் தோட்டங்கள் கைமாறின. செபுவிலிருந்தும் போஹோலிலிருந்தும், வடக்கே இலோகோஸிலிருந்தும் நிலம் தேடி மக்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். "மிண்டனாவோ வாக்குறுதியின் பூமி" என்று அரசே சொல்லிச் சொல்லி அனுப்பியது. ஜீப்னியில் ஏறினால் காதில் விழும் விசாயா மொழி அந்தக் குடியேற்றத்தின் தடயம்தான். அந்த மண்ணின் பகோபோ, மன்சாகா, மண்டாயா மக்கள் மலைப்பக்கம் ஒதுங்க நேர்ந்ததும் அதே கதையின் மறுபக்கம். 1948க்கும் 1960க்கும் இடைப்பட்ட பன்னிரண்டே ஆண்டுகளில் மாகாணத்தின் மக்கள்தொகை இரண்டு மடங்கைத் தாண்டியது.

ஆனால் காங்கிரசில் டாவோவின் இடம் ஒன்று. அப்போதும் ஒன்று.

ஏன் என்று கேட்டால், பின்னால் திருத்தப்பட்டு ஓரவைக்குப் பதில் ஈரவைக் காங்கிரசைக் கொண்டுவந்த 1935 அரசியலமைப்பைப் புரட்ட வேண்டும். அதில் அடுத்தடுத்து மூன்று விதிகள். பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர்கள் 120 பேருக்கு மிகக்கூடாது. இடங்களை மாகாணங்களுக்கு மக்கள்தொகை விகிதப்படி, இயன்றவரை சமமாகப் பங்கிட வேண்டும். ஆனால் ஒவ்வொரு மாகாணத்துக்கும் குறைந்தது ஒரு இடம் உறுதி. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் மூன்று ஆண்டுக்குள் காங்கிரஸ் சட்டம் போட்டு இடங்களை மறுபங்கீடு செய்ய வேண்டும். அதுவரை பழைய பங்கீடே தொடரும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் டாவோ மாட்டிக்கொண்டது. மறுபங்கீடு செய்ய வேண்டியவர்கள் யார்? பழைய பங்கீட்டில் வென்று உள்ளே உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்கள். அதிக இடம் வைத்திருக்கும் மாகாணத்துக்காரர் எழுந்து, "என் ஊருக்கு ஒன்றைக் குறைத்து டாவோவுக்குக் கொடுங்கள்" என்று சொல்வாரா? 1939இல் கணக்கெடுப்பு நடந்தது, 1948இல் நடந்தது. மறுபங்கீடு நடக்கவில்லை. வடகோடியில் பட்டானஸ் தீவுகளில் சுமார் பத்தாயிரம் பேர் வாழ்ந்தார்கள். குறைந்தபட்ச விதியால் அவர்களுக்கு ஒரு காங்கிரஸ்மேன். தெற்கே டாவோவில் ஒன்பது லட்சம் பேர். பழைய பங்கீட்டால் அவர்களுக்கும் ஒரு காங்கிரஸ்மேன்.

1960 கணக்கெடுப்பு வந்த பிறகுதான் காங்கிரஸ் அசைந்தது. 1961 ஜூனில் குடியரசுச் சட்டம் எண் 3040 நிறைவேறியது. அது டாவோவுக்கு மூன்று இடங்கள் கொடுத்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஒன்று மூன்றாகப் போகிறது, நவம்பரில் தேர்தல். ஊரில் ஆசை பிறந்திருக்கும், பெயர்கள் அடிபட்டிருக்கும்.

அதற்குள் சில உறுப்பினர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்விட்டார்கள். நீக்ரோஸ் ஓரியண்டல், மிசாமிஸ் ஓரியண்டல், புலக்கான் ஆகிய மாகாணங்களின் உறுப்பினர்கள் அவர்கள். 'மாசியாஸ் எதிர் தேர்தல் ஆணையம்' என்று அந்த வழக்குக்குப் பெயர். தங்கள் மாகாணங்களுக்குக் கணக்குப்படி கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை, புதிய பங்கீடு விகிதப்படி இல்லை என்பது அவர்கள் வாதம். 1961 செப்டம்பர் 14இல், தேர்தலுக்குச் சரியாக இரண்டு மாதம் இருக்கும்போது தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் ஒப்பீடுகளை வரிசையாக அடுக்கியது. செபுவுக்கு ஏழு, அதைவிட அதிக மக்கள் உள்ள ரிசாலுக்கு நான்கு. மணிலாவுக்கு நான்கு, அதைவிடப் பெரிய கொட்டபாட்டோவுக்கு மூன்று. அந்த வரிசையில் டாவோவும் வந்தது: 8,71,857 பேர் உள்ள சாமாருக்கு நான்கு இடங்கள், 9,03,224 பேர் உள்ள டாவோவுக்கு மூன்றுதான். இது விகிதப் பங்கீடு ஆகாது என்று சொல்லி, சட்டம் முழுவதையும் செல்லாது என்று அறிவித்தது நீதிமன்றம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். டாவோவுக்கு அநீதி நடந்திருக்கிறது என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் எண்களோடு எழுதி வைக்கிறது. மூன்று போதாது என்கிறது. அந்தத் தீர்ப்பின் விளைவாக டாவோவுக்குக் கிடைத்தது நான்கும் இல்லை, மூன்றும் இல்லை. பழைய பங்கீடு உயிர் பெற்றது, மறுபடியும் ஒன்று. சட்டம் பிழை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தீர்ப்பும் தர்க்கப்படி சரி. ஆனால் சரியான தீர்ப்பொன்று, அது யாருக்காகப் பரிந்து பேசியதோ அவர்களையே மோசமான நிலைக்குத் தள்ளிய விசித்திரத்தை வேறு வழக்கில் நான் அதிகம் பார்த்ததில்லை. நீதிமன்றத்தால் செல்லாது என்று சொல்ல முடிந்தது. புதிய பங்கீட்டை எழுத முடியவில்லை. எழுத வேண்டியவர்கள் எழுதவில்லை.

நேர்வழி அடைபட்டதும் டாவோ பக்கத்து வழியில் போனது. "ஒவ்வொரு மாகாணத்துக்கும் குறைந்தது ஒரு இடம்" என்ற விதியை மறுபடி படித்துப் பாருங்கள். மக்கள்தொகையைக் காட்டி மூன்று இடம் கேட்டால் 120 என்ற உச்சவரம்பு, விகிதம், மற்ற மாகாணங்களின் பொறாமை எல்லாம் குறுக்கே வரும். மாகாணத்தை மூன்றாக வெட்டிவிட்டால்? மூன்று மாகாணம், மூன்று இடம். கேள்வியே இல்லை.

ஒற்றைத் தொகுதியின் கடைசி உறுப்பினரான லொரென்சோ சார்மியெந்தோ அதைத்தான் செய்தார். குடியரசுச் சட்டம் எண் 4867 மூலம் 1967 மே 8இல் டாவோ மாகாணம் மூன்றானது. டாகும் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு டாவோ டெல் நோர்டே. டிகோஸை வைத்து டாவோ டெல் சூர். பசிபிக் கரையோரம் மாட்டியை வைத்து டாவோ ஓரியண்டல். டாவோ நகரம் காங்கிரஸ் தேர்தலுக்கு டெல் சூருடன் சேர்ந்தது. 1961இல் நீதிமன்றம் செல்லாததாக்கிய சட்டம் எத்தனை இடம் கொடுத்ததோ, அதே மூன்று ஆறு ஆண்டு கழித்து வேறு வாசல் வழியே வந்து சேர்ந்தது. ஒற்றைத் தொகுதியும் அன்றோடு முடிந்தது.

மாகாணத்தைப் பிரிக்க வேறு காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். இருபதாயிரம் சதுர கிலோமீட்டர் என்பது கேரளத்தில் பாதிக்கும் மேல். நடுவே மலைகள், கிழக்கே பசிபிக், தெற்கே வளைகுடா. மாட்டிக்காரர் ஒரு கையெழுத்துக்கு டாவோ நகரம் வரை வந்து திரும்புவது அந்தக் காலத்துச் சாலையில் சாதாரண வேலை இல்லை. ஆட்சி மக்களுக்குப் பக்கத்தில் வர வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் காங்கிரசில் இடம் பெறவும் மாகாணத்தைப் பிரிப்பதே சுலப வழி என்று ஆகிவிட்டால், பிரிவினை நிர்வாக முடிவாக மட்டும் இருக்காது. ஒவ்வொரு புது மாகாணத்தோடும் ஒரு ஆளுநர், ஒரு துணை ஆளுநர், ஒரு மாகாண சபை, ஒரு தலைமையிடம், அத்தனைக்கும் கட்டடம் வரும். உள்ளூர்ப் பெரிய குடும்பங்களுக்கு நாற்காலிகள் பெருகும். அரசியல் குடும்ப ஆட்சியைத் தடுக்க வேண்டும் என்று 1987 அரசியலமைப்பே சொல்கிறது; அதற்கு வரையறை தரும் பொதுச் சட்டத்தைக் காங்கிரஸ் இன்னும் போடவில்லை.

மிச்சக் கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1972இல் அதிபர் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்து காங்கிரசையே மூடினார். 1978இல் 'பட்டாசாங் பம்பன்சா' என்ற இடைக்கால மன்றத்துக்குத் தேர்தல் வைத்தபோது தொகுதிகள் இல்லை. ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே தொகுதி. சூரிகாவ் டெல் சூர், தெற்கு கொட்டபாட்டோ வரை சேர்த்துக் கட்டிய பதினொன்றாம் வட்டாரத்தில் டாவோ மூழ்கியது. ஒற்றைத் தொகுதியாவது ஒரு மாகாணத்தின் அளவில் இருந்தது. இது அதையும் மிஞ்சியது. 1984 தேர்தலில் மாகாணங்களும் பெருநகரங்களும் தனித்தனி அலகாயின. டாவோ நகரம் தன் பெயரில் உறுப்பினர்களை அனுப்பியது. மார்கோஸ் வீழ்ந்த பின் 1987 அரசியலமைப்போடு இணைத்த ஆணை, நாடு முழுவதையும் 200 தொகுதிகளாக வகுத்தது. டாவோ நகரத்துக்கு 3, வடக்கு மாகாணத்துக்கு 3, ஓரியண்டலுக்கு 2, டெல் சூருக்கு 2. மொத்தம் பத்து.

பதினொன்றாவது எங்கிருந்து வந்தது? மறுபடியும் கோடு கிழித்துத்தான். 1998இல் வடக்கு மாகாணத்திலிருந்து கொம்போஸ்டெலா பள்ளத்தாக்கு பிரிந்தது. இன்று அதன் பெயர் டாவோ டி ஓரோ. மூன்று இடம் வைத்திருந்த ஒரு மாகாணம், இரண்டிரண்டு இடம் உள்ள இரு மாகாணங்களாயிற்று. 2013இல் டெல் சூரின் தென்பகுதி பொது வாக்கெடுப்பில் டாவோ ஆக்சிடெண்டல் என்று தனியானது. இம்முறை இடம் கூடவில்லை. டெல் சூரின் இரண்டு தொகுதிகள் ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்தன. அதனால் டெல் சூர் இப்போது மறுபடியும் ஒற்றைத் தொகுதி மாகாணம்.

இன்றைய கணக்கைப் பாருங்கள். 2020 கணக்கெடுப்பில் டாவோ வட்டாரத்தில் 52 லட்சத்துக்குச் சற்று மேல். அதில் டாவோ நகரத்தில் மட்டும் 17,76,949 பேர். மூன்றில் ஒரு பங்கு. இடங்களோ பதினொன்றில் மூன்று. விகிதப்படி பார்த்தால் நான்கை நெருங்கும். நகரத்தில் கிட்டத்தட்ட ஆறு லட்சம் பேருக்கு ஒரு காங்கிரஸ்மேன். ஆக்சிடெண்டலில் சுமார் 3.17 லட்சம் பேருக்கு ஒருவர். செல்லாமல் போன 1961 சட்டத்தில் சாமாருக்கும் டாவோவுக்கும் இருந்த இடைவெளியைவிட இது பெரிது. இப்போதைய அரசியலமைப்பிலும் கணக்கெடுப்புக்குப் பின் மூன்று ஆண்டில் மறுபங்கீடு என்ற விதி இருக்கிறது. நாடு தழுவிய மறுபங்கீடு ஒருமுறைகூட நடக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனிச் சட்டம் போட்டுத் தொகுதிகளைக் கூட்டிக் கூட்டி, 200 என்று தொடங்கியது 250ஐத் தாண்டிவிட்டது. ஒரு தொகுதிக்குக் குறைந்தது இரண்டரை லட்சம் பேர் வேண்டாமா என்று 2010இல் காமரினஸ் சூர் மாகாணம் தொடர்பாக ஒரு வழக்கு போனது. அந்த எண்ணிக்கை நகரங்களுக்கான நிபந்தனை, மாகாணத் தொகுதிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர்களில் ஒருவரான பெனிக்னோ அக்கினோ அடுத்த மாதமே அதிபர் தேர்தலில் வென்றார். வழக்கில் தோற்றது தோற்றதுதான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். வீட்டோடு வீடியோ காலில் பேசும்போது தொகுதி மறுவரையறை பற்றி அப்பாவோ சித்தப்பாவோ கொதித்திருப்பார். 1976இல் 42ஆம் திருத்தம் மாநிலங்களுக்கு இடையிலான மக்களவை இடப் பங்கீட்டை 1971 கணக்கெடுப்பின்படி நிறுத்தி வைத்தது. 84ஆம் திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செவ்வனே செய்த மாநிலம் அதற்காகவே பங்கை இழப்பதா என்ற நம் கோபம் நியாயமானது. நானும் அந்தக் கோபக்காரன்தான். ஆனால் கோபத்தோடு ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள்: டாவோவின் கதையில் நாம் டாவோ இல்லை, சாமார். பழைய பங்கீடு தொடர்ந்தால் பயன் பெறுகிற தரப்பு நாம். எதிர்த்தரப்பில், வளர்ந்தும் இடம் கிடைக்காமல் முப்பத்திரண்டு ஆண்டு ஒற்றை நாற்காலியோடு உட்கார்ந்திருந்தவர்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தை அறிந்துகொண்டு வாதாடினால் நம் வாதம் வலுக்கும். அறியாமல் வாதாடினால் கூச்சலாக முடியும்.

இன்னொரு பாடமும் இதில் உண்டு. மறுபங்கீட்டை முடக்கி வைத்தால் பிரச்சினை உறங்கிவிடும் என்பது பொய். டாவோவில் அது உறங்கவில்லை. மாகாணத்தை வெட்டிக்கொண்டு வெளியே வந்தது. நேர்மையான ஒரு சூத்திரத்தைப் பேசி முடிவு செய்யாத நாடு, குறுக்கு வழிகளுக்குப் பிற்பாடு விலை கொடுக்கும். சமநிலை காக்க எவ்வளவு இடம், மக்கள்தொகைக்கு எவ்வளவு மதிப்பு, மாநிலம் என்ற அலகுக்கு எவ்வளவு மதிப்பு என்று வெளிப்படையாகப் பேரம் பேசுவதே நமக்கு நல்லது. தள்ளிப்போடுவதை வெற்றியாக நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

தம்பி தங்கைகளே, உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம்தான். அந்த ஊரில் ஐந்தாறு ஆண்டு இருக்கப் போகிறீர்கள். வாடகை வீட்டுக்கார அம்மாவிடமும், கேன்டீன் அக்காவிடமும், உடன் படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளிடமும் தேர்தல் நேரத்தில் பேச்சுக் கொடுங்கள். அவர்கள் தாத்தா எந்தத் தீவிலிருந்து எப்போது வந்தார், பழைய டாவோ ஒன்றாக இருந்த காலம் வீட்டில் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். அரசியல் சண்டையில் இறங்க வேண்டாம். மாணவர் விசாவில் இருக்கிறீர்கள் என்பது நினைவில் இருக்கட்டும். காது கொடுத்துக் கேட்க விசா தேவையில்லை.

வார்டில் நிற்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பஹாடாவில் இருக்கும் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு மாட்டியிலிருந்து வருகிறார்கள், டாகுமிலிருந்து வருகிறார்கள், டிகோஸிலிருந்தும் மலீட்டாவிலிருந்தும் வருகிறார்கள். காங்கிரஸ் வரைபடத்தில் பதினொன்றாகப் பிரிந்த பழைய மாகாணம், நோய் என்று வந்தால் அந்த ஆஸ்பத்திரி வாசலில் இன்னும் ஒன்றாகத்தான் நிற்கிறது. அவர்கள் மடியில் உள்ள காகிதக் கட்டைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நோய்ச் சுருக்கத்தில் டாக்டரின் கையெழுத்து ஒரு நாள் தாமதமானால் அந்தக் குடும்பத்துக்கு லெட்டர் ஒரு நாள் தாமதம் என்று பொருள். மாணவராக உங்களால் கையெழுத்திட முடியாது. கேஸ் ஷீட்டை நேரத்துக்கு எழுதி முடித்து, போட வேண்டியவரிடம் நினைவூட்ட முடியும். எத்தனை தொகுதி என்பதை நீங்களோ நானோ முடிவு செய்யப் போவதில்லை. வரிசையில் நிற்கிறவரை அலைய விடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. அதைச் செய்யுங்கள். நன்றாகப் படியுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வாரம் ஒருமுறையாவது வீட்டுக்குப் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்